பெருந்தலைவர் காமராசரும் மக்களாட்சியும்

சென்னைத் தியாகராய நகர் என்றவுடன் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பண்டிகைக்கால நெரிசலுமே நம் நினைவுக்கு வருகின்றன. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கிய அந்நகரின் தெருப்பெயர்கள் ஒரு காலத்தின் அரசியல் வரலாற்றைத் தம்முள் தாங்கி நிற்கின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர், 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி தம்மைத் தேடி வந்தும் அதனை ஏற்க மறுத்தவர். சிறிது காலத்தின் பின்னர் அப்பதவியை வகித்த பனகல் அரசரின் பெயரால் பூங்கா அமைந்தது. உஸ்மான் சாலையோ 1934ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றிய சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயரைத் தாங்குகிறது. அந்த 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் சொத்தும் வரியும் உடைய மிகச் சிறுபான்மையினரே வாக்களித்தனர். மகளிர்க்கு வாக்குரிமை இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் கல்வி, மருத்துவம், உள்ளாட்சி போன்ற துறைகள் மட்டுமே விடப்பட்டன. நிதியும் காவலும் நிலவரியும் ஆளுநரின் கைக்குள்ளேயே இருந்தன. அக்காலத்தார் அதனை இரட்டை ஆட்சி என்றனர். அரை ஆட்சி என்று கூறினும் தவறில்லை.

அதே தியாகராய நகரில், திருமலைப்பிள்ளைச் சாலையில், ஒரு வாடகை வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர் பெருந்தலைவர் காமராசர். தியாகராயர் பதவியை ஏற்க மறுத்தவர் எனின், காமராசர் ஏற்ற பதவியைத் தாமே துறந்தவர். 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து அதே அக்டோபர் 2ஆம் நாள் அவ்வீட்டிலேயே உயிர் நீத்தார். அவர் மறைந்த 1975ஆம் ஆண்டு, இந்தியாவில் நெருக்கடி நிலை நடைமுறையிலிருந்த ஆண்டாகும்.

அவர்தம் எளிமையைப் பற்றி மேடைதோறும் பேசப்பட்டுவிட்டது. கதராடையும் வாடகை வீடும் விருதுநகரில் தாயார் வாழ்ந்த சிறிய இல்லமும் பள்ளிப் பாடங்களிலேயே இடம்பெற்றுவிட்டன. எளிமை போற்றத்தக்க பண்பேயாம். ஆயினும் எளிமையாய் வாழ்ந்த கொடுங்கோலர்களும் உலகில் உண்டு. எளிமை ஒரு தனிமனிதனைப் பற்றியது. மக்களாட்சியோ அம்மனிதன் பிறரிடம், அதிலும் தன்னை எதிர்ப்போரிடம், எவ்வாறு நடந்துகொண்டான் என்பதைப் பற்றியது. எனவே இக்கட்டுரையில் காமராசரின் வாழ்வை அந்த ஓர் அளவுகோல் கொண்டே நோக்க விழைகின்றோம். அவ்வளவுகோலில் அவர் உயர்ந்து நிற்கும் இடங்கள் பல. அவர்தம் அரசு தாழ்ந்து நிற்கும் இடங்களும் உள்ளன. இரண்டையும் கூறுவதே முறை.

இளமையும் சிறையும்

1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள், அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில் குமாரசாமி நாடார், சிவகாமி அம்மையார் இணையர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் கல்வி இடையில் நின்றது. மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார். காங்கிரசுத் தொண்டராகி, 1930ஆம் ஆண்டு வேதாரணியம் உப்பு அறப்போரில் கலந்து சிறை சென்றார். தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறைக் கொட்டடிகளில் கழித்தவர் அவர். விசாரணையின்றி ஒரு மனிதனைப் பூட்டிவைப்பது எத்தகையது என்பதை நூல்களின் வாயிலாக அல்லாமல் நேரே உணர்ந்தவர். இச்செய்தியை நாம் பின்னர் மீண்டும் நினைக்க நேரும்.

1940ஆம் ஆண்டில் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவர் பதவிக்குப் போட்டி நிகழ்ந்தது. இராசாசியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையாவை மூன்றே வாக்கு வேறுபாட்டில் வென்றார் காமராசர். மூன்று வாக்குகளால் கிட்டிய பொறுப்பைப் பதினான்கு ஆண்டுகள் காத்தார் என்பதிலிருந்தே, தோற்ற அணியினரையும் அரவணைத்துச் செல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தமை புலனாகும்.

அவ்வாண்டு இறுதியில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சியின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941ஆம் ஆண்டு நவம்பரில் விடுதலையாகி ஊர் திரும்பினார். நகராட்சி மன்றத்திற்குச் சென்று தலைவர் இருக்கையில் அமர்ந்தார். உடனே பதவி விலகினார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பொறுப்பில் இருத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. ஊரார் அளித்த மதிப்பை ஏற்றுக்கொண்டார், பதவியை ஏற்றுக்கொள்ளவில்லை. நாற்காலியில் அமர்ந்த அன்றே எழுந்து வந்த இந்நிகழ்ச்சியை, அவர் வரலாற்றில் சிறு துணுக்காக எழுதிக் கடப்பவர் பலர். நமக்கோ, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் கோட்டையிலிருந்து அவர் வெளியேறியதன் முன்னோட்டமாக இது தோன்றுகின்றது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக இருந்தார். அச்சபை இயற்றிய அரசியலமைப்பு, கற்றவர், கல்லாதவர், ஆண், பெண், உடையார், இல்லார் என்னும் வேறுபாடின்றி இருபத்தொரு வயது நிறைந்த அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கியது. தியாகராயர் காலத்து அரை ஆட்சிக்கும் இதற்கும் இடையே நிகழ்ந்த மாற்றம், முப்பதே ஆண்டுகளில் ஏற்பட்டதாகும். இன்று இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களுள் பதினெட்டு வயது நிறைந்தோர், 1989ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் வாக்காளர் ஆகின்றனர்.

குடியாத்தம் காட்டிய வழி

1952ஆம் ஆண்டு நடைபெற்ற முதற்பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்துக் காங்கிரசு பெரும்பான்மை பெறவில்லை. அந்நிலையில் இராசாசி, தேர்தலில் நில்லாமல், ஆளுநரின் நியமனத்தால் சட்ட மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் ஆனார். சட்டம் அதற்கு இடம் தந்தது. ஆயினும் கலைஞர், அறிஞர் முதலியோர்க்கென ஒதுக்கப்பட்ட நியமனத்தை ஆட்சித் தலைமைக்கு வாயிலாக்கியது முறைதானா என்னும் வினா அன்றே எழுந்தது. சட்டத்தின் எழுத்து வேறு, மக்களாட்சியின் உயிர் வேறு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

1953ஆம் ஆண்டில் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், எதிர்த்தோரால் குலக்கல்வித் திட்டம் என அழைக்கப்பட்டுப் பெருங்கிளர்ச்சிக்கு இடமளித்தது. அவர் விலகவே, 1954ஆம் ஆண்டு மார்ச்சில் சட்டமன்றக் கட்சித் தலைவர்க்கான போட்டி நிகழ்ந்தது. சி. சுப்பிரமணியம் ஒருபுறம், காமராசர் மறுபுறம். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார்.

அவர் அமைத்த அமைச்சரவையில் எண்மர் மட்டுமே இருந்தனர். அவ்வெண்மருள், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியமும் முன்மொழிந்த பக்தவத்சலமும் இருவர். கல்வியும் நிதியும் சுப்பிரமணியத்திடம் அளிக்கப்பட்டன. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறையை ஒப்படைத்தார். கோயிலுக்குள் நுழையவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுள் ஒருவரைக் கோயில்களின் ஆட்சிக்கே பொறுப்பாக்கியதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்றத்தில் இடமில்லை. முன்னவர் சென்ற மேலவை வழி திறந்தே கிடந்தது. காமராசர் அவ்வழியை நாடவில்லை. தம் சொந்த மாவட்டத்தில் ஓர் உறுப்பினரை விலகச் செய்து நின்றாரும் அல்லர். வட ஆர்க்காடு மாவட்டத்துக் குடியாத்தத்தில் இடைத்தேர்தல் வந்தது. அங்கே வேட்பாளராக நின்றார். பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தனர். பொதுவுடைமைக் கட்சியினர் எதிர்த்தனர். வாக்காளரிடம் நேரே சென்று, வென்று, அவைக்குள் நுழைந்தார். இச்செயலைப் பள்ளிக்கூடங்களுக்கு இணையான சாதனையாகவே நாம் கருதுகின்றோம். ஏனெனில் பள்ளிக்கூடத்தை ஒரு நல்ல மன்னனும் கட்டித் தரக்கூடும்.

அவர் ஆட்சியில் கல்வி பெற்ற வளர்ச்சியை இங்கு விரிக்கவில்லை. 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்ற மதிய உணவுத் திட்டமும் சிற்றூர்தோறும் எழுந்த பள்ளிகளும் யாவரும் அறிந்தனவே. ஒன்று மட்டும் சுட்டுவோம். வாக்குரிமை பெற்ற மக்கள் எழுத்தறியாதிருப்பின் அவ்வுரிமை அரையுரிமையே என்பதனை, படிப்பைப் பாதியில் விட்ட அவர் நன்கறிந்திருந்தார்.

அரசின் மறுபக்கம்

புகழுரையோடு நின்றுவிடின் அது வாழ்த்துப்பாவாகுமேயன்றி வாழ்க்கை வரலாறாகாது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு ஒவ்வொரு நாளும் மக்களாட்சி முறையிலேயே நடந்துகொள்கிறது என்பதற்கு உறுதியில்லை. காமராசரின் அரசும் இதற்கு விலக்கன்று.

1956ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள், அவர் பிறந்த விருதுநகரிலேயே தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுதல் அவர்தம் கோரிக்கைகளுள் தலையாயது. எழுபது நாட்களுக்கு மேல் நீடித்த அந்நோன்பு அக்டோபர் 13ஆம் நாள் அவர் உயிரோடு முடிந்தது. அரசு இசையவில்லை. ஒரு முதியவர் உயிரைப் பணயம் வைக்கிறார் என்பதற்காகவே ஓர் அரசு பணிந்துவிட வேண்டுமா என்று கேட்பார் உளர். அவ்வினாவில் பொருள் இல்லாமலில்லை. ஆயின் அக்கோரிக்கை ஒருவருடையது மட்டுமன்று, பலரும் வேண்டி நின்றது என்பதனைப் பிற்கால நிகழ்ச்சிகள் மெய்ப்பித்தன. 1967ஆம் ஆண்டு சூலையில் சட்டப்பேரவை அப்பெயர் மாற்றத் தீர்மானத்தை ஏற்றது. 1969ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. மக்கள் குரலுக்கு முன்னரே செவிசாய்த்திருக்கலாமே என்னும் ஏக்கம் நமக்கு எழுவது இயல்பு.

1957ஆம் ஆண்டு செப்டம்பரில் முதுகுளத்தூர் வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டது. தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் 11ஆம் நாள் கொலையுண்டார். மூன்று நாட்களில் கீழத்தூவலில் காவல்துறையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். எதிர்க்கட்சித் தலைவர்களுள் ஒருவரான முத்துராமலிங்கத் தேவர் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். பின்னர் தொடரப்பட்ட கொலை வழக்கிலிருந்து 1959ஆம் ஆண்டில் அவர் விடுவிக்கப்பட்டார். ஒடுக்கப்பட்டோரின் உயிரைக் காக்கும் கடமை அரசிற்கு இருந்தது; அதனை யாரும் மறுக்கவியலாது. ஆயினும் அக்கடமைக்குக் கையாளப்பட்ட கருவி, வழக்கின்றி அடைத்துவைக்கும் சட்டம். வெள்ளையர் அக்கருவியைத் தொண்டர்கள்மீது வீசியதை அறிந்தவரே, கோட்டையில் அமர்ந்தபோது அதனைக் கையில் எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில், சாதி ஒழிப்பை வேண்டி அரசியலமைப்பை எரிக்கும் போராட்டத்தைப் பெரியார் அறிவித்தபோது, அதனைத் தண்டிக்க ஒரு தனிச்சட்டமே சட்டமன்றத்தில் விரைந்து நிறைவேறியது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். காமராசரின் கல்விப் பணியை ஊரூராய்ச் சென்று போற்றிய பெரியாரின் தொண்டர்களே அவர்கள்.

இவற்றைக் கூறுவது பெருந்தலைவரின் பெருமையைக் குறைத்தற்கன்று. தடுப்புக் காவல் என்னும் கருவி நல்லவர் கையிலும் கூர்மையாகவே இருக்கும். ஒரு நல்லவர் அதனை உறையிலிருந்து எடுத்துப் பழக்கிவிட்டால், அடுத்து வருவோர்க்கு அது எளிதாகிவிடும் என்பதே நாம் இங்குக் காண்பது.

பதவி துறந்த காமராசர்

1962ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு மீண்டும் வென்றது. எனினும் 1957ஆம் ஆண்டில் பதினைந்து இடங்களைப் பெற்றிருந்த திராவிட முன்னேற்றக் கழகம் ஐம்பது இடங்களைப் பெற்றது. பிறர் வெற்றியைக் கண்டு மகிழ்ந்திருந்த வேளையில் காமராசர் எதிர்க்கட்சியின் ஐம்பதைக் கண்டு சிந்தித்தார். ஆட்சியில் இருப்போர் மக்களை விட்டு விலகுகின்றனர். மூத்த தலைவர்கள் பதவிகளைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் திட்டத்தை நேருவிடம் வைத்தார். 1963ஆம் ஆண்டில் காங்கிரசு அதனை ஏற்றது. மாநில முதலமைச்சர் அறுவரும் மத்திய அமைச்சர் அறுவரும் விலகினர். மொரார்சி தேசாயும் லால் பகதூர் சாத்திரியும் செகசீவன்ராமும் அவர்களுள் அடங்குவர். வேண்டாதவர்களை அப்புறப்படுத்த நேரு இத்திட்டத்தைக் கருவியாக்கிக் கொண்டார் என்பார் உளர். அவ்வாறே இருப்பினும், திட்டத்தைத் தந்தவர் தம்மையே முதலில் அதற்குட்படுத்திக் கொண்டார் என்பதை எவரும் மறுத்திலர். அறுபது வயதில், உடல் வலிமையோடும் சட்டமன்றப் பெரும்பான்மையோடும் இருந்த ஒருவர், எவரும் தள்ளாமல் தாமே இறங்கினார்.

பின்னர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, இருமுறை தலைமையமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சுமந்தார். 1964ஆம் ஆண்டு நேரு மறைந்தபோது உறுப்பினர் பலரிடமும் கருத்தறிந்து சாத்திரியின் பெயரை ஒருமனதாக்கினார். 1966ஆம் ஆண்டு தாசுகண்டில் சாத்திரி மறைந்தபோது அத்தகைய ஒருமனம் கிட்டவில்லை. மொரார்சி தேசாய் போட்டியிட்டே தீருவேன் என்றார். மறைவாக்கெடுப்பு நிகழ்ந்தது, காமராசர் ஆதரித்த இந்திரா காந்தி 355 வாக்குகளும் மொரார்சி 169 வாக்குகளும் பெற்றனர். நாடு அதனை நாகரிகமான மாற்றமெனப் பாராட்டியது. ஆயினும் நாம் ஒன்று கேட்கலாம்: சில மாநிலத் தலைவர்கள் ஓர் அறையில் கூடி முடிவெடுத்த பின்னர் நிகழும் வாக்கெடுப்பில் மக்களின் கருத்து எவ்வளவு? இந்திரா காந்தியைத் தம்மால் வழிநடத்த முடியும் என அத்தலைவர்கள் கருதியதாகவே வரலாற்றாசிரியர் பலரும் எழுதுகின்றனர். மூன்றாண்டுகளில், 1969இல், கட்சி இரண்டாகப் பிளந்தது. காமராசர் ஒருபுறமும் அவர் தேர்ந்தெடுத்த தலைமையமைச்சர் மறுபுறமும் நின்றனர்.

தோல்வியை ஏற்றல்

இடையே 1967ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் மக்களை வாட்டின. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பக்தவத்சலம் அரசு நிகழ்த்திய துப்பாக்கிச் சூடுகளில் பல உயிர்கள் மாண்டிருந்தன. மாணவர் நெஞ்சம் கொதித்திருந்தது. அண்ணா, இராசாசி, கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் இசுமாயில் சாகிபு முதலியோர் ஓரணியில் திரண்டனர். அத்தேர்தல் மேடைகளை நினைவில் கொண்டுள்ள பெரியோர் நம் சமுதாயத்தில் இன்றும் உளர். நேர்ச்சியொன்றில் காயமுற்றிருந்த காமராசர், படுத்தபடியே வெல்வோம் என்னும் பொருள்படப் பேசியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. நெடுநாள் ஆண்ட கட்சிக்கு நேரும் அயர்வு அது.

விருதுநகரில், தாம் பிறந்த மண்ணில், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் காமராசர் தோற்றார். அகில இந்தியக் கட்சியின் தலைவர், இரு தலைமையமைச்சர்களை உருவாக்கியவர், ஓர் இளைஞரிடம் தோற்றார். இச்செய்தியைக் கேட்டு வெற்றி பெற்ற அண்ணாவே வருந்தினார் என்பர். ஆட்சியாளர் கைகளில் காவல்துறையும் அலுவலரும் இருந்தும், தேர்தல் நேர்மையாக நிகழ்ந்தது. முடிவு நேர்மையாக அறிவிக்கப்பட்டது. அரசு அமைதியாகக் கைமாறியது. வழக்கில்லை, வன்முறையில்லை, மக்களைப் பழிக்கும் சொல்லில்லை. சென்னைக் கோட்டையில் இருபதாண்டுக் காங்கிரசாட்சி முடிவுற்ற நாளில், மக்களாட்சி முழுமையாக நடைமுறையில் இருந்தது என உறுதியாகக் கூறலாம். காமராசர் கட்டிய பள்ளிகளில் படித்து வந்த தலைமுறையே அவருக்கு எதிராக வாக்களித்தது என்பது கசப்பான செய்தியாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பள்ளிகள் தம் பணியைச் செவ்வனே செய்தன என்றே கருதுகின்றோம்.

1969ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு வந்த இடைத்தேர்தலில் அம்மக்கள் அவரைப் பெருவாரியாக வெற்றி பெறச் செய்தனர். 1971ஆம் ஆண்டிலும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஆயின் அவ்வாண்டு அவர்தம் கட்சி மாநிலத்தில் பெருந்தோல்வி கண்டது. எதிர்க்கட்சித் தலைவராக, கூட்டம் குறைந்த மேடைகளிலும் பேசியபடி, ஊர் ஊராய்ச் சுற்றினார்.

இறுதி நூறு நாட்கள்

1975ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள், இந்திரா காந்தி 1971ஆம் ஆண்டு இரேபரேலியில் பெற்ற வெற்றி செல்லாது என அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூன் 25ஆம் நாள் இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை ஆணையில் ஒப்பமிட்டார். அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூட்டப்பட்டது. ஒப்பமிட்ட பின்னர் ஒப்புதல் பெறப்பட்டது. செயப்பிரகாசு நாராயணனும் மொரார்சி தேசாயும் இரவோடிரவாகக் கைது செய்யப்பட்டனர். நாளிதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டன. நாடாளுமன்றம் இயங்கியது; வாக்கெடுப்புகள் நிகழ்ந்தன; நெருக்கடி நிலையை நீதிமன்றம் ஆராய முடியாதெனவும், தலைமையமைச்சரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாதெனவும் ஆகத்து மாதத்தில் அரசியலமைப்புத் திருத்தங்கள் முறைப்படி நிறைவேறின. மக்களாட்சியின் உறுப்புகள் யாவும் அவ்வவ்விடத்திலேயே இருந்தன. எதிர்த்துப் பேசும் வாய் மட்டும் இல்லை.

அன்று தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதியின் தலைமையில் திராவிட முன்னேற்றக் கழக ஆட்சி நடந்தது. அக்கட்சியின் செயற்குழு நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதனால் வடநாட்டில் நிகழ்ந்த கைதுகளின் கடுமை இங்கு உடனே வந்து சேரவில்லை. ஆட்சியைத் துறந்துவிடலாமா எனக் கருணாநிதி எண்ணியபோது, இந்தியாவில் மக்களாட்சி எஞ்சியிருப்பது இங்கு மட்டுமே. ஆகவே விலகல் கூடாது எனக் காமராசர் அறிவுறுத்தியதாகக் கருணாநிதி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அவ்வாட்சியைக் கடுமையாகக் குறைகூறி வந்தவர் காமராசர். தம் எதிரியின் ஆட்சி நிலைக்க வேண்டும் என அவர் விரும்பினார் எனின், அவர் விரும்பியது அவ்வாட்சியை அன்று. மக்கள் அளித்த ஆணையை.

காமராசர் கைது செய்யப்படவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவரை வருத்தின. சிறையில் இருந்தோர் பலர் அவர்தம் நெடுநாள் தோழர்கள். சிறையிலிட்டவரோ ஒன்பதாண்டுகளுக்கு முன்னர் அவரே முன்னின்று தலைமைக்கு உயர்த்தியவர். திருமலைப்பிள்ளைச் சாலை இல்லத்தில் அந்நாட்களை அவர் எவ்வாறு கழித்திருப்பார் என எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கின்றது. அக்டோபர் 2ஆம் நாள் நண்பகல் உணவிற்குப் பின் ஓய்வெடுக்கப் படுத்தார். விளக்கை அணைத்துச் செல்லுமாறு உதவியாளரிடம் கூறியதே அவர்தம் இறுதிச் சொல் என்பர். அன்று பிற்பகல் உயிர் பிரிந்தது.

இராசாசி மண்டபத்தில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். கிண்டி காந்தி மண்டபத்தின் அருகே அரசு மரியாதையுடன் எரியூட்டல் நிகழ்ந்தது. இந்திரா காந்தியும் சென்னைக்கு வந்து இறுதி வணக்கம் செலுத்தினார். மறு ஆண்டு பாரத ரத்தினா விருது காமராசருக்கு வழங்கப்பெற்றது. அவர்தம் தோழர்கள் அப்போதும் சிறையில் இருந்தனர். 1976ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. இங்கும் கைதுகள் தொடர்ந்தன. அவர்தம் கட்சியினருள் ஒரு பகுதியினர் இந்திரா காந்தியின் காங்கிரசோடு இணைந்தனர்; மற்றொரு பகுதியினர் பா. இராமச்சந்திரன் தலைமையில் தனித்து நின்றனர். காமராசர் விரும்பியது இதுவே என இரு சாராரும் அவர் பெயரையே சான்றாகக் காட்டினர். மறைந்தவரிடம் கேட்டறிய வழியில்லை.

1977ஆம் ஆண்டு மார்ச்சில் தேர்தல் நிகழ்ந்தது. வடநாட்டில் காங்கிரசு வீழ்ந்தது. இந்திரா காந்தியும் இரேபரேலியில் தோற்றார். மொரார்சி தேசாய் தலைமையமைச்சர் ஆனார். 1978ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காம் திருத்தம், ஆயுதமேந்திய கலகம் இன்றி உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணங்காட்டி நெருக்கடி நிலை அறிவிக்க இயலாதவாறும், அமைச்சரவையின் எழுத்துவழி முடிவின்றிக் குடியரசுத் தலைவர் ஒப்பமிட இயலாதவாறும் வழியடைத்தது. தடுப்புக் காவல் மட்டும் அரசியலமைப்பில் நீடிக்கின்றது.

தமிழ்நாட்டின் தீர்ப்பு வேறாக அமைந்தது. அண்ணா தி.மு.க.வும் இந்திரா காந்தியின் காங்கிரசும் சேர்ந்த அணிக்கு முப்பத்தொன்பதில் முப்பத்து நான்கு இடங்கள் கிடைத்தன. செய்தித்தாள்கள் வாய்மூடிக் கிடந்த காலத்தில் வடநாட்டில் நிகழ்ந்த கொடுமைகள் இங்குள்ளோர்க்கு எட்டவில்லை என்பது ஒரு விளக்கம். மாநில அரசின்மீதிருந்த வெறுப்பு மேலோங்கியது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கலாம். அவ்வணிக்குக் கிட்டாத ஐந்து தொகுதிகளுள் ஒன்று நாகர்கோவில். காமராசரை இருமுறை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய அத்தொகுதி மக்கள், நெருக்கடி நிலையை எதிர்த்த அணியில் அவர்தம் பழைய கட்சியின் சார்பில் நின்ற குமரி அனந்தனைத் தேர்ந்தெடுத்தனர்.